சேவ் பெட்டி எதையும் சேமிப்பதில்லை

கண்ட்ரோல் எஸ் அழுத்துகிறோம். புதுக் கோப்பாக இருந்தால் ஒரு பெட்டி வந்து நிற்கிறது. நடுவே ஃபோல்டர்கள், கீழே பெயர் எழுத ஒரு கட்டம், அதற்கும் கீழே கோப்பு வகையைத் தேர்ந்தெடுக்க இன்னொரு கட்டம், ஓரத்தில் சேவ், கேன்சல் என்று இரண்டு பட்டன்கள். பெயரைத் தட்டி சேவ் கொடுத்ததும் பெட்டி மறைகிறது. வேலை முடிந்தது என்று நாமும் அடுத்ததைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் அந்தப் பெட்டி மறைந்த நொடியில் நம் எழுத்தில் ஒரு பைட்கூட வட்டில் ஏறியிருக்காது. பெட்டி செய்தது ஒரே காரியம்தான். ‘எங்கே, என்ன பெயரில்?’ என்று நம்மிடம் கேட்டது, நாம் சொன்ன பதிலை ஒரு பாதையாக, அதாவது ஃபோல்டர்களின் பெயரும் கோப்பின் பெயரும் சேர்ந்த ஒற்றை வரியாக, நிரலின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. எழுதுவது முழுக்க அதற்குப் பிறகு நிரலின் பாடு.

விண்டோஸ் மட்டும் இதில் ஒரு படி கூடுதலாகப் போகும். அந்த இடத்தில் எழுத முடிகிறதா என்று பார்க்க, ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி உடனே அழித்துவிடும். வேண்டாம் என்று நிரல் சொன்னால் அதையும் செய்யாது. மற்றபடி இந்தப் பெட்டி வெறும் கேள்வித்தாள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் கசப்பானது. பைத்தான் மொழியில், ஜன்னலும் பட்டனும் வரைந்து தரும் டிகிண்டர் என்ற கருவித்தொகுப்பை வைத்து, வரவு செலவு எழுத ஒரு சின்ன நிரல் செய்திருந்தேன். டிகிண்டரில் சேவ் பெட்டியைக் கூப்பிட இரண்டு வழி உண்டு. ஒன்று பாதையை மட்டும் தரும். மற்றொன்று, பயனர் தேர்ந்தெடுத்த கோப்பை எழுதுவதற்குத் திறந்தே கையில் கொடுத்துவிடும். ஒரு வரி மிச்சமாகிறதே என்று இரண்டாவதை எடுத்தேன். ஒருநாள் பழைய கோப்பின் பெயரையே கொடுத்தேன். ‘ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?’ என்று பெட்டி கேட்டது. ஆம் என்றேன். அடுத்த வரியில், தேதியை எழுத்தாக மாற்றும் இடத்தில், என் நிரல் இடறி விழுந்தது. போய்ப் பார்த்தால் புதுக் கணக்கும் இல்லை, பழைய கணக்கும் இல்லை. கோப்பு இருந்தது, அளவு 0 பைட். எழுதும் முறையில் ஒரு கோப்பைத் திறந்தாலே அதில் இருப்பது துடைக்கப்பட்டுவிடும். எழுத வேண்டியதைத் தயார் செய்யும் முன்பே நான் பலகையைத் துடைத்திருக்கிறேன். மைக்ரோசாஃப்ட்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டின் சேவ் டயலாகிலும் ‘ஓப்பன்ஃபைல்’ என்று இதே போன்ற ஒரு வசதி உண்டு. இருக்கும் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் தரவு போய்விடலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. ஆவணத்தை யார் படிக்கிறார்கள்!

பெட்டியின் வரலாறு சுவாரசியமானது. 1984இல் வந்த முதல் மெக்கின்டாஷிலேயே எல்லா நிரல்களுக்கும் பொதுவான சேவ் பெட்டியைக் கணினியே கொடுத்தது. அதில் சேவ், கேன்சலோடு ‘எஜெக்ட்’, ‘டிரைவ்’ என்று இன்னும் இரண்டு பட்டன்கள் இருந்தன. அந்தக் கணினியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது, 400 கிலோபைட் ஃபிளாப்பிதான். நிரல் ஒரு ஃபிளாப்பியில் இருக்கும், கடிதம் இன்னொன்றில் போக வேண்டும். அதனால் சேமிக்கும் பெட்டிக்குள்ளிருந்தே ஒரு ஃபிளாப்பியைத் துப்பிவிட்டு இன்னொன்றைச் செருக வழி வேண்டியிருந்தது. ஃபோல்டர்கள்கூட அப்போது திரையில் தெரியும் மாயைதான். வட்டில் எல்லாக் கோப்புகளும் ஒரே வரிசையில் கிடந்தன, கோப்பைத் திறக்கும் பெட்டியிலும் அப்படியே தெரிந்தன.

விண்டோஸில் இந்த வசதி 1992இல், 3.1 பதிப்போடு வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு நிரலரும் தன் பெட்டியைத் தானே வரைந்துகொண்டார். ஒன்றில் டிரைவ் பட்டியல் இடப்பக்கம் இருக்கும், இன்னொன்றில் டிரைவ் எழுத்தைக் கையால் தட்ட வேண்டும். 3.1 அதைப் பொதுவாக்கியது. ஆனால் அது எட்டு எழுத்துப் பெயர், புள்ளிக்குப் பின் கோப்பின் வகையைச் சொல்லும் மூன்று எழுத்து எக்ஸ்டென்ஷன் என்ற காலம். அந்தக் காலத்தின் தழும்பு இன்னும் ஆறவில்லை. பயனர் எக்ஸ்டென்ஷன் எழுதாவிட்டால் இதை ஒட்டு என்று பெட்டியைக் கொண்டுவரும் அந்தப் பழைய செயற்கூற்றிடம் (ஃபங்ஷன்) சொல்லலாம். எத்தனை நீளமாகவும் சொல்லலாம், ஆனால் முதல் மூன்று எழுத்துதான் ஒட்டப்படும் என்கிறது அதன் ஆவணம். ‘எச்டிஎம்எல்’ என்றால் ‘எச்டிஎம்’ வரைதான். விண்டோஸ் விஸ்டாவோடு வந்த புதுப் பெட்டிக்கு வேறு செயற்கூறு. பழையதும் இன்றைக்கும் வேலை செய்கிறது, ஏராளமான நிரல்கள் இன்னும் அதைத்தான் கூப்பிடுகின்றன.

லினக்ஸ் பக்கம் ஒவ்வொரு கருவித்தொகுப்புக்கும் ஒரு பெட்டி. அவற்றில் ஒன்றான ஜிடிகேயில் 2004இல் வந்த பெட்டியில் படங்களைச் சிறு உருவங்களாகக் கட்டங்களில் காட்டும் வசதி இல்லை. அது வேண்டும் என்ற கோரிக்கை அதே ஆண்டில் எழுந்தது, நிறைவேறியது 2023இல். இடையில் அதை வைத்தே ஒரு தலைமுறை கிண்டல் செய்து முடித்துவிட்டது.

சரி, கேள்விக்கு வருவோம். கேள்வி என்றால் ‘பதில் சொல்ல மாட்டேன்’ என்பதும் ஒரு பதில். கேன்சல் அதுதான். இதைத்தான் நிரலர்கள் அதிகம் மறக்கிறார்கள். ஏனென்றால் சோதிக்கும்போது நாம் எப்போதும் சேவைத்தான் அழுத்துகிறோம். எக்செலுக்குள் எழுதும் குட்டி நிரலான மேக்ரோவில் சேவ் பெட்டியைக் கேட்டால், கேன்சல் அழுத்தியதும் பாதைக்குப் பதிலாக ‘ஃபால்ஸ்’ என்ற உண்மை-பொய் மதிப்பு வரும். அதை எழுத்து மாறியில் வாங்கிக்கொண்டால் அது ‘ஃபால்ஸ்’ என்ற சொல்லாகிவிடும். நிரல் அதையே பெயராக நினைத்துக்கொண்டு சேமித்து முடிக்கும். ஏதாவது ஃபோல்டரில் ஃபால்ஸ் என்று ஒரு ஒர்க்புக் கிடப்பதைப் பார்த்திருந்தால், யாரோ ஒருவர் சேமிக்க வேண்டாம் என்று நினைத்த நேரத்தின் நினைவுச்சின்னம் அது. பைத்தானுக்கான இன்னொரு கருவித்தொகுப்பான பைக்யூட்டி 5இல் வேறு மாதிரி. அங்கே பெட்டி பாதையையும் தேர்ந்தெடுத்த வகையையும் சேர்த்து ஜோடியாகத் தரும். ஜோடியைப் பிரிக்காமல் ‘ஏதாவது வந்திருக்கிறதா?’ என்று கேட்டால் எப்போதும் ஆம்தான், உள்ளே இரண்டும் வெற்றாக இருந்தாலும்.

இதிலேயே கொஞ்சம் ஆழமான ஓட்டை ஒன்று உண்டு. சேமிக்காத கோப்போடு ஜன்னலை மூடுகிறோம். ‘சேமிக்கவா?’ என்று கேட்கிறது. ஆம் என்கிறோம். சேவ் பெட்டி வருகிறது. என்ன பெயர் வைப்பது என்று யோசித்து, ஏதோ ஞாபகம் வந்து, கேன்சல் அழுத்துகிறோம். இப்போது நிரல் என்ன செய்ய வேண்டும்? மூடக் கூடாது. பயனர் ‘சேமித்துவிட்டு மூடு’ என்றுதான் சொன்னார், சேமிப்பது நடக்கவில்லை என்றால் மூடுவதும் நடக்கக் கூடாது. ஆனால் சேமிக்கும் செயற்கூறு தன் வேலை நடந்ததா இல்லையா என்று திருப்பிச் சொல்லாவிட்டால், மூடும் செயற்கூறு தன் பாட்டுக்கு மூடிவிடும். இரண்டு மணி நேர எழுத்து போகும்.

அப்புறம், எக்ஸ்டென்ஷன். பயனர் ‘கணக்கு’ என்று மட்டும் தட்டுகிறார். வகைக் கட்டத்தில் சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணை, தேர்வாகியிருக்கிறது. ‘கணக்கு.சிஎஸ்வி’ என்று சேமிப்பது யார் பொறுப்பு? விண்டோஸில் பெட்டியிடம் முன்கூட்டியே சொன்னால் அதுவே ஒட்டும். ஜாவா மொழியின் கருவித்தொகுப்பான ஸ்விங்கின் பெட்டி ஒட்டாது. வகைக் கட்டம் அங்கே பட்டியலை வடிகட்டிக் காட்டத்தான், பெயரை அது தொடாது. எனவே ஜாவாவில் நிரலர் தானே ஒட்டுகிறார்: பெட்டி ‘கணக்கு’ என்று கொடுத்தது, முடிவில் எக்ஸ்டென்ஷன் இல்லை, சரி, நானே சேர்த்துவிடுகிறேன்.

இங்கேதான் இரண்டு சின்ன விஷயங்கள் சேர்ந்து ஒரு பெரிய விபத்தாகின்றன. ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருக்கிறது, மாற்றவா?’ என்ற எச்சரிக்கையைக் கேட்பது பல தளங்களில் பெட்டிதான். அது கேட்பது பயனர் தட்டிய பெயரைப் பற்றி. ‘கணக்கு’ என்ற பெயரில் எதுவும் இல்லை, எனவே கேட்காமல் சம்மதிக்கிறது. பெட்டி மூடிய பிறகு நிரல் எக்ஸ்டென்ஷனை ஒட்டுகிறது. ‘கணக்கு.சிஎஸ்வி’ போன மாதத்திலிருந்து அங்கேயே இருக்கிறது. யாரையும் கேட்காமல் அதன் மேல் புதியது எழுதப்படுகிறது. பயனர் எந்தத் தவறும் செய்யவில்லை. பெட்டியும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பெயரைப் பெட்டிக்கு வெளியே மாற்றினால், கேள்வியையும் பெட்டிக்கு வெளியே திரும்பக் கேட்க வேண்டும். இதை விட்டுவிட்ட நிரல்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன், என்னுடையதையும் சேர்த்து.

மாற்றவா என்ற கேள்வியே எல்லா இடத்திலும் தானாக வருவதில்லை. ஸ்விங் பெட்டி கேட்பதே இல்லை, நிரலர்தான் எழுத வேண்டும். ஜிடிகே 3இல் கேட்கும்படி சொன்னால்தான் கேட்கும், 4இல் எப்போதும் கேட்கும். ஒரு தளத்தில் பழகியவர் அடுத்த தளத்தில் எழுதும்போது, ஒன்று கேள்வி இரண்டு முறை வரும், அல்லது வரவே வராது. இரண்டு முறை வருவது எரிச்சல். வராமல் போவது இழப்பு.

எதிர்த்திசையிலும் ஒரு தொல்லை உண்டு. எக்ஸ்டென்ஷனை மறைத்து வைப்பது விண்டோஸின் இயல்பான அமைப்பு. வகைக் கட்டத்தில் டெக்ஸ்ட் என்று இருக்கும்போது ஒருவர் வலைப்பக்கத்துக்கு உரிய எக்ஸ்டென்ஷனோடு பெயரைத் தட்டினாலும், சில நிரல்களில் அதற்குப் பின்னால் இன்னொன்று ஒட்டிக்கொண்டுவிடும். திரையில் ஒன்றுதான் தெரியும், வட்டில் இரண்டு இருக்கும். இதற்குப் பழைய ஆட்களிடம் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதினால் விண்டோஸ் பெட்டி எதையும் ஒட்டாது, தட்டியதை அப்படியே எடுத்துக்கொள்ளும். மேற்கோள் குறி கோப்பின் பெயரில் வரவே கூடாத எழுத்து என்பதால்தான் இது பெயரின் பகுதி அல்ல, கட்டளை என்று பெட்டிக்குப் புரிகிறது.

அதே பழைய விண்டோஸ் பெட்டிக்கு இன்னொரு கெட்ட பழக்கம். பயனர் எந்த ஃபோல்டருக்குப் போகிறாரோ, அதையே நிரல் நின்றுகொண்டிருக்கும் ஃபோல்டராக மாற்றிவிடும். வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். தன் அமைப்புக் கோப்பை முழுப் பாதை இல்லாமல் வெறும் பெயரால் தேடும் நிரல், ஒருமுறை சேவ் பெட்டியைத் திறந்த பிறகு அதைத் தொலைத்துவிடும். பென்டிரைவில் சேமித்துவிட்டு, கோப்பையும் மூடிவிட்டு, டிரைவைக் கழற்றப் போனால் ‘பயன்பாட்டில் இருக்கிறது’ என்று விண்டோஸ் பிடிவாதம் பிடிக்கிறதே, அதற்கும் இது ஒரு காரணம். கோப்பை விட்டாலும் நிரல் இன்னும் அந்த டிரைவில்தான் நின்றுகொண்டிருக்கிறது.

இனி எழுதும் வேலை. பாதை கையில் வந்தாயிற்று. இருக்கும் கோப்பைத் திறந்து நேரடியாக எழுதினால், பாதியில் மின்சாரம் போனாலோ, வட்டு நிறைந்தாலோ, நிரல் விழுந்தாலோ பழையதும் இல்லை, புதியது பாதி. அதனால் பொறுப்பான நிரல்கள் வேறு வழியில் போகின்றன. அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி முழுவதையும் அதில் எழுதுகின்றன. எழுதியது வட்டில் இறங்கும்வரை காத்திருந்து, கடைசியில் அதன் பெயரைப் பழைய கோப்பின் பெயராக மாற்றுகின்றன. யூனிக்ஸ் வழித் தளங்களில் இந்தப் பெயர் மாற்றம் ஒரே வெட்டில் நடக்கும். வேறொரு நிரல் எந்த நேரத்தில் பார்த்தாலும் முழுப் பழையது அல்லது முழுப் புதியதுதான் கிடைக்கும், பாதி ஒருபோதும் கிடைக்காது. தற்காலிகக் கோப்பு அதே ஃபோல்டரில் இருக்க வேண்டும் என்பது சும்மா சொல்வதல்ல. வேறொரு டிரைவில் இருந்தால் பெயர் மாற்றம் போதாது, நகலெடுக்க வேண்டிவரும், அப்போது பாதி எழுதிய ஆபத்து திரும்ப வந்துவிடும். பைத்தானில் ‘ஓஎஸ் ரிப்ளேஸ்’ இதற்குத்தான். பைக்யூட்டியின் அடித்தளமான கியூட்டியில் 5.1 பதிப்பிலிருந்து ‘கியூசேவ்ஃபைல்’ என்று ஒரு வகுப்பே இருக்கிறது.

‘வட்டில் இறங்கும்வரை காத்திருந்து’ என்பதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். 2009இல் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை, பரவத் தொடங்கியபோது அதன் விலை தெரிந்தது. எழுதுவதைத் தள்ளிப்போட்டு வேகம் சேர்க்கும் முறை அது. காத்திருக்காமல் பெயரை மட்டும் மாற்றிய நிரல்களில், பெயர் மாற்றம் முதலில் வட்டுக்குப் போய், உள்ளடக்கம் போவதற்குள் கணினி விழுந்தால், எழுந்து பார்க்கும்போது 0 பைட் கோப்புகள். தவறு நிரல்களுடையதா, கோப்பு முறைமையினுடையதா என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் கோப்பு முறைமையே இந்த வழக்கத்தை அடையாளம் கண்டு சமாளிக்கும்படி மாற்றப்பட்டது.

இதுவரை பதில் என்பது வெறும் பெயர். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பதிலுக்கு இன்னொரு பொருளும் சேர்ந்திருக்கிறது: அனுமதி. ஒரு படம் வரையும் நிரல் நம் ஃபோல்டர்கள் அத்தனையையும் படிக்க எந்த நியாயமும் இல்லை. மேக் ஆப் ஸ்டோரில் 2012 ஜூனிலிருந்து நிரல்கள் அடைப்புக்குள் இயங்க வேண்டும் என்று ஆனது. அடைப்புக்குள் இருக்கும் நிரலால் வெளியே எதையும் தொட முடியாது. அப்படியானால் சேவ் பெட்டி எப்படி எல்லா ஃபோல்டரையும் காட்டுகிறது? காட்டுவது நிரல் அல்ல. பெட்டி தனிச் செயலாக, அடைப்புக்கு வெளியே, கணினியின் சார்பில் இயங்குகிறது. நாம் ஓர் இடத்தைக் காட்டி சேவ் அழுத்தினால், அந்த ஒரு கோப்புக்கான சாவி மட்டும் நிரலின் கைக்குப் போகிறது. ‘உங்கள் கோப்புகளை அணுகலாமா?’ என்று தனியாக ஒரு அறிவிப்பு வந்து தொல்லை செய்வதில்லை, இடத்தைக் காட்டியதே அனுமதி. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த யோசனைகளில் இது ஒன்று. பாதுகாப்புக்காகப் பயனரிடம் புதிதாக எதையுமே கேட்கவில்லை, ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியிலிருந்தே பதிலை எடுத்துக்கொண்டார்கள்.

லினக்ஸில் ஃபிளாட்பேக் என்ற பொதியாக வந்து அடைப்புக்குள் இயங்கும் நிரல்கள் போர்ட்டல் என்ற இடைத்தரகர் வழியாக இதே வேலையைச் செய்கின்றன. அப்படிச் சேமித்த நிரலின் தலைப்புப் பட்டையில் சில சமயம், நாம் தேர்ந்தெடுத்த ஃபோல்டரின் பெயருக்குப் பதிலாக ரன், யூசர், 1000, டாக் என்று தொடங்கி, நடுவில் புரியாத எழுத்துகளோடு ஒரு பாதை தெரியும். கோப்பு எங்கோ தொலைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். சொன்ன இடத்தில்தான் இருக்கிறது, நிரலுக்குத் திறந்துவிட்ட சன்னலின் முகவரிதான் அது. இந்த ஏற்பாடு மேலே சொன்ன தற்காலிகக் கோப்பு வழியோடு மோதும் என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஒரு கோப்புக்குத்தான் சாவி என்றால் பக்கத்தில் இன்னொன்றை எப்படி உருவாக்குவது? மேக்கில் இதற்கென்றே அதே வட்டில் ஒரு தற்காலிக ஃபோல்டரைக் கணினியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக நம் ஆட்களுக்கு மட்டும் வரும் தொல்லை: தமிழில் பெயர். விண்டோஸில் பழைய வகைச் செயற்கூறுகளைக் கூப்பிடும் நிரலில் தமிழ்ப் பெயரைத் தட்டினால், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடுக்கு முந்தைய, அந்தச் செயற்கூறுகள் பயன்படுத்தும் குறியீட்டுத் தொகுப்பு எதிலும் தமிழுக்கு இடம் இல்லாததால், ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாறி நிரலுக்குப் போகும். கேள்விக்குறியோ விண்டோஸ் கோப்புப் பெயரில் தடைசெய்யப்பட்ட எழுத்து. எனவே ‘பெயர் செல்லாது’ என்று திட்டு வாங்குவோம், நாம் தட்டாத எழுத்துக்காக. லினக்ஸின் எக்ஸ்ட்4இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப் 8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறியீடுகள். ‘கொ’ என்பது ஒரே எழுத்தாகத் தெரிந்தாலும் குறைந்தது இரண்டு குறியீடு, புள்ளி வைத்த மெய்யும் இரண்டு. ஒரு கட்டுரைத் தலைப்பையே பெயராக வைத்தால் நாம் நினைப்பதைவிட முன்னதாகவே இடம் தீர்ந்துவிடும். அதே ‘கொ’வில் இருக்கும் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறைமை பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து வந்த கோப்பும் இங்கே தட்டிய பெயரும் கண்ணுக்கு ஒன்றுதான், லினக்ஸுக்கு இரண்டு. மாற்றவா என்று பெட்டி கேட்கவே கேட்காது. ஒரே பெயரில் இரண்டு கோப்பு அருகருகே உட்கார்ந்திருக்கும்.

இப்போதெல்லாம் ஒரு நிரலில் சேவ் பெட்டியை எழுதி முடித்ததும் நான் முதலில் தட்டிப் பார்க்கும் பெயர் ‘கொள்முதல் 2.5 இறுதி’. தமிழ் தாங்குகிறதா என்று ‘கொ’ சொல்லிவிடும். நடுவில் இருக்கும் புள்ளியைப் பார்த்து ‘.5 இறுதி’தான் எக்ஸ்டென்ஷன் என்று நிரல் ஏமாந்தால், சிஎஸ்வி ஒட்டாது. ஒட்டினால், அதே பெயரை இரண்டாம் முறை தட்டுகிறேன், மாற்றவா என்று கேட்கிறதா என்று பார்க்க. மூன்றாம் முறை பெயரைத் தட்டிவிட்டு கேன்சல் அழுத்திவிட்டு, கோப்பின் அளவையும் நேரத்தையும் போய்ப் பார்க்கிறேன்.